லைன் என்ற சொல்லில் நான் விட்டுவிட்ட பொருள்

போன மாதம் இரண்டு இளம் ஸ்டேஷன் மாஸ்டர்கள் பிரிக்பீல்ட்ஸில் என் வீடு தேடி வந்தார்கள். ரயில்வே ஊழியர் கிளப்பின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். காகிதத்தில் 'லைன் கிளியர்' எழுதிக் கொடுக்கும் முறை ஒழிந்து, இரும்புப் பெட்டியிலிருந்து உலோக வில்லை எடுத்து டிரைவரிடம் கொடுக்கும் புது முறை வந்துவிட்டது. பழைய முறையில் வேலை பார்த்தவர்களில் இன்னும் கை நடுங்காமல் எழுதக்கூடியவன் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மாஸ்டர், நீங்கள் கிளப்பிலை ஒருக்காச் சொன்னனீங்கள் எல்லே, லைன் எண்ட சொல்லுக்கு எத்தினை கருத்து, அது எங்கையிருந்து வந்தது எண்டு. அதையும் சேர்த்து எழுதுங்கோ. வாசிக்கிறவைக்குப் பகிடியாய் இருக்கும்" என்றார் ஒருவர்.

பகிடியாக, சிரிப்பு வரும்படி எழுத எனக்குத் தெரியும். முதல் பக்கம் பகிடியாகத்தான் வந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு மனிதர் வந்து நின்றுகொண்டார். அவரைத் தள்ளிவிட்டு மேலே எழுத என்னால் முடியவில்லை. ஆகவே மலர்க்குழுவுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். போடுவதானால் இதை முழுதாகப் போடுங்கள். பாதியை வெட்டிப் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

லைன் என்பது முதலில் ஒரு நூல். ஆளிச் செடியின் நாரில் திரித்த நூலுக்கு லத்தீனில் இருந்த பெயரிலிருந்து வந்தது என்று அகராதி சொல்கிறது. கொத்தனும் தச்சனும் நேர் பார்ப்பதற்காக அந்த நூலை இழுத்துக் கட்டினார்கள். நூல் காட்டிய நேர் பிறகு காகிதத்தில் கோடாயிற்று. கோடு எழுத்தின் வரியாயிற்று, ஆட்கள் நிற்கும் வரிசையாயிற்று. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கற்பித்தது அதுவரைதான். மலாயாவுக்குக் கப்பலேறும்போது, எந்த லைனில் போகிறாய் என்று கேட்டார்கள். அது கப்பல் கம்பெனி. கோலாலம்பூரில் இறங்கியதும், நீங்க எந்த லைன் என்று ஒரு செட்டிநாட்டுக் கடைக்காரர் கேட்டார், அது பிழைப்பு. தந்தி பழக ஓராண்டு, ரவாங்கில் உதவியாளனாக இரண்டாண்டு. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் பழகியதையே நானும் பழகினேன். அதன் பிறகு கிள்ளான் பாதையில் ஒரு சிறிய ஸ்டேஷனை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஐரோப்பிய யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள் அவை. ஸ்டேஷனின் பெயர் வேண்டாம். அது செய்த பிழை ஒன்றுமில்லை.

அங்கே லைன் என்றால் ஒற்றைப் பாதை. போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் அதே தண்டவாளந்தான். அடுத்த ஸ்டேஷன்காரர் ஒரு வண்டியை அனுப்புமுன் தந்தியில் என்னைக் கேட்பார்: லைன் கிளியரா? நடுவில் எதுவும் இல்லை என்பது உறுதியானால் மட்டும் நான் சம்மதம் அடிப்பேன். அவர் அதைக் காகிதத்தில் எழுதி, பிரம்பு வளையத்தில் செருகி, டிரைவரிடம் கொடுப்பார். அந்தக் காகிதம் கையிலிருந்தால் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

வண்டிகளைத் தவிர லைனில் ஏறுவது டிராலி. பாதைக் கூலிகள் கருவிகளையும் தண்டவாளத்துக்கு அடியில் வைக்கும் சிலிப்பர் கட்டைகளையும் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும் நாலு சக்கரப் பலகை. அது லைனில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரு புத்தகம் உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கட்டங்கள்: ஏறிய நேரம், இறங்கிய நேரம். கூலிகளின் தலைவரான மண்டோர் இரண்டிலும் கையொப்பம் இட வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் இடது பெருவிரல். இரண்டாவது கட்டத்தில் விரல் விழாதவரை நான் எந்த வண்டிக்கும் சம்மதம் கொடுக்கக்கூடாது.

எங்கள் மண்டோர் சின்னச்சாமி. அந்த நாளில் நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இன்று 'அவர்' என்று எழுதுகிறேன். இது யாருக்காவது உறுத்தினால் உறுத்தட்டும்.

லைனின் ஆதிப் பொருளை நான் கண்டது அகராதியில் அல்ல, அவரிடம். தண்டவாளம் வெயிலில் நெளிந்திருக்கிறதா என்று பார்க்க, அவர் குப்புறப் படுத்துக் கன்னத்தை இரும்பில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். எட்டுப் பேர் கடப்பாரையோடு தூரத்தில் நிற்பார்கள். அவர் கையை இடது பக்கம் ஓர் அங்குலம் அசைப்பார். அவர்கள் நெம்புவார்கள். "போதும்டா! தலைமுடி கனந்தான் பாக்கி!" என்று இங்கிருந்தே கத்துவார். கட்டப்படாத ஒரு நூல் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த எட்டுப் பேரில் ஒருவன் வேலு. மண்டோரின் மனைவி பாக்கியத்தின் தம்பி. சிவப்புக் கொடியோடு டிராலிக்குப் பின்னால் தூரத்தில் நடந்துவருவது அவன் வேலை. சிரிக்காமல் கேலி செய்வான். "மாமா, நீங்க தண்டவாளத்துக்குக் குடுக்குற முத்தத்துல பாதி அக்காவுக்குக் குடுத்தா வீட்டுல சோறாவது சூடா கெடைக்கும்" என்பான். மண்டோர் கையிலிருப்பதை வீசுவார். அது அவன்மேல் ஒருநாளும் பட்டதில்லை.

இனி வழக்கத்தைச் சொல்ல வேண்டும். காலையில் டிராலியை ஏற்றும்போது மண்டோர் ஆபீஸ் ஜன்னலுக்கு வருவார். நான் மைப்பெட்டியை நீட்டுவேன். முதல் கட்டத்தில் விரல் வைப்பார். அதோடு இரண்டாவது கட்டத்திலும் வைக்கச் சொல்வேன். மாலையில் சேறும் வியர்வையுமாக அவர்கள் ஜன்னலில் வந்து நிற்க வேண்டியதில்லை, நேரே வீட்டுக்குப் போகலாம். டிராலியை இறக்கிப் போடும் சத்தம் கேட்டதும், விரல் ரேகைக்குப் பக்கத்தில் நேரத்தை நான் எழுதிக்கொள்வேன். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு முன்னிருந்தவர் சாவிக்கொத்தோடு சேர்த்து ஒப்படைத்துவிட்டுப் போனார். பல ஸ்டேஷன்களில் இப்படித்தான் நடந்தது. அதைச் சொல்லி என்னைத் தப்பவைக்க யாரும் முயல வேண்டாம். மைப்பெட்டியை நீட்டிய கை என்னுடையது.

எங்கள் மேலதிகாரி டிராபிக் இன்ஸ்பெக்டர். வெள்ளைக்காரர். அவரைப் போலப் புத்தகம் பார்க்கிறவரை நான் பிறகு கண்டதில்லை. வந்ததும் நாற்காலியில் கைக்குட்டையை விரித்து உட்காருவார். கத்தரித்த நகத்தை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, மெதுவாக இறங்குவார். குரலை உயர்த்தவே மாட்டார். சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேட்பார். பதிலைக் கேட்டபின் சிறிது நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். பிறகு அதே கேள்வியை அதே சொற்களில் இன்னொரு முறை கேட்பார். முதல் பதிலைத் திருத்திக்கொள்ள அவர் கொடுக்கும் அவகாசம் அது என்று எனக்கு அப்போது தெரியாது. மிரட்டல் என்று நினைத்திருந்தேன்.

அவர் மறுநாள் காலை வருவதாகத் தகவல் வந்த ஒரு மாலை. என் வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்துக்குச் சுண்ணம் பூசி, காய்ந்ததும் காலில் போட்டுப் பார்த்திருந்தேன். மழை தொடங்கியது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் தந்தி ஒலியையே குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. கிள்ளான் பக்கத்து ஸ்டேஷன் கேட்டது: சரக்கு வண்டிக்கு லைன் கிளியரா?

டிராலி அந்தப் பக்கந்தான் போயிருந்தது. வழக்கமாக அதற்குள் திரும்பிவிடும். மழைக்குள் ஏதோ கனமாக விழுந்த சத்தம் கேட்டதாக எனக்குப் பட்டது. எழுந்து கதவுவரை நடந்திருந்தால் தெரிந்திருக்கும். பிளாட்பாரம் முழுக்கச் செம்மண் தண்ணீர் ஓடியது. நான் சப்பாத்தைப் பார்த்தேன். புத்தகத்தைப் பார்த்தேன். இரண்டாவது கட்டத்தில் விரல் இருந்தது. பக்கத்தில் நேரத்தை எழுதினேன். சம்மதம் அடித்தேன்.

டிராலி அப்போது ரப்பர்க் காட்டு வளைவில் இருந்தது. கரை சரிந்த இடத்தில் கல் கொட்ட நேரமாகிவிட்டது. ஏழு பேரும் மண்டோரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வேலு விதிப்படி பின்னால், கொடியோடு. வண்டிச் சத்தம் கேட்டதும் அவன் தண்டவாளத்தை விட்டு விலகியிருக்கலாம். அவன் செய்ய வேண்டியது கொடி காட்டுவது. ஓரத்தில் நின்றும் காட்டலாம். ஓரத்தில் நின்றால் அந்த மழையில் டிரைவருக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறான். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நின்று ஆட்டினான். டிரைவர் கண்டார், பிரேக் போட்டார். வேகம் தளர்ந்ததால் மற்ற எட்டுப் பேரும் குதித்துத் தப்பினார்கள். டிராலி நொறுங்கியது. வேலுவை ஒரு பலகையில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். கொடி அவன் கையில் இறுகியிருந்தது. பிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்தார். கைக்குட்டையை விரித்தார். ஆங்கிலமும் தமிழும் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்; ஆகவே மண்டோர் சொல்வதை நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. மண்டோர் வாசலுக்கு வெளியே, முந்தின நாள் உடுப்போடு நின்றார்.

"கையி காலையிலயே வச்சதுங்க தொரை. டெய்லி அப்புடித்தான். மாஸ்டரய்யாவக் கேளுங்க, அவருதான் மைப்பொட்டிய நீட்டுவாரு."

இதை நான் ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரலில் அந்த உண்மை முழுதாக வெளியே வந்தது. இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். இந்த விரல் அடையாளம் இதன் பக்கத்தில் எழுதியுள்ள நேரத்தில் வைக்கப்பட்டதா?

"ஆம் ஐயா" என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு கேட்டார். இந்த விரல் அடையாளம் இதன் பக்கத்தில் எழுதியுள்ள நேரத்தில் வைக்கப்பட்டதா?

"ஆம் ஐயா."

மண்டோருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. "மாஸ்டரய்யா, என்னாங்கய்யா சொன்னீங்க? காலையிலதான வச்சேன்? சொல்லுங்கய்யா, எம் மச்சான் செத்துக் கெடக்கான்யா" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை.

டிராலியை இறக்கியதாகக் கை வைத்துவிட்டு, மறுபடி அனுமதியின்றி லைனில் ஏற்றினார் என்று தீர்ப்பாயிற்று. தப்பிய ஏழு கூலிகளை விசாரணைக்குக் கூப்பிடவேயில்லை; வேலையும் வீடும் போய்விடும் என்று பயந்து அவர்கள் வெளியிலும் உண்மையைச் சொல்லவில்லை. வேலை போனது. இரண்டு நாளில் வீட்டைக் காலி செய்ய உத்தரவு.

லைனின் அடுத்த பொருளுக்கு இப்போது வருகிறேன். கூலிகளுக்கு ரயில்வே கட்டிக் கொடுத்த, ஒரே கூரையின் கீழ் வரிசையான அறைகளுக்கும் லைன் என்றுதான் பெயர். தோட்டங்களில் லயம் என்கிறார்கள். அது லைனின் திரிபா, குதிரை கட்டும் லாயமா என்று கிளப்பில் வாதாடியிருக்கிறோம். இரண்டில் எது மூலமானாலும் பெயர் வைத்தவர்களின் மனம் ஒன்றுதான். எங்கள் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பிரிக்பீல்ட்ஸிலிருந்த அப்படியொரு லைனில் ஏழாவது கதவு சின்னச்சாமியுடையது. சாமான்களை அவர் வெளியே எடுத்து வைத்த காலையில் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனேன். பாக்கியம் தரையில் உட்கார்ந்து புருஷனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

"எந்தம்பியக் கொண்டுபோயி ரயிலுக்குக் குடுத்துட்டியே! கையி வச்சிட்டு எதுக்குய்யா திரும்ப ஏத்துன?"

கதவுக்குக் கதவு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி, "மச்சானத் தின்னவனுக்குச் சட்டி எதுக்கு, பானை எதுக்கு?" என்றாள். இன்னொருத்தி அவர் காலடியில் துப்பினாள். அவர் பாயைச் சுருட்டினார். நான் திரும்பிவிட்டேன். அடுத்த வருஷம் எனக்குப் பெரிய ஸ்டேஷன் கிடைத்தது. ஓய்வு பெறும்போது என் சேவையில் ஒரு கரும்புள்ளியும் இல்லை என்று சொல்லி மாலை போட்டார்கள்.

சின்னச்சாமி சாலாக் செலாத்தானில் ஈயச் சுரங்கத்தில் கூலியாக இருந்தது எனக்குத் தெரியும். யாரும் சொல்லித்தான் தெரியவேண்டுமென்பதில்லை. ஒருமுறை அங்கே பிளாட்பாரத்தில் அவரைக் கண்டேன். அதன்பின் அந்த ஸ்டேஷன் வரும்போதெல்லாம் பெட்டியின் ஜன்னலை இழுத்து மூடிக்கொள்வேன். போன வருஷம் அவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஜன்னலை மூடுவதற்கு இனி அவசியமில்லை என்று முதலில் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றியது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கட்டுரை இரண்டாம் பக்கத்தில் நின்றபோது சாலாக் செலாத்தானுக்குப் போனேன். பாக்கியம் வீட்டு வாசலில் கீரைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "யாரு? டேசன் மாஸ்டரய்யாவா?" என்று எழப் பார்த்தார். உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்தையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த நாரை முடிந்தார். அடுத்த கட்டை எடுக்கவில்லை.

"அதத்தான அவரு சொன்னாரு" என்றார். "சாவுற வரைக்கும் அதேதான். காலையில வச்ச கையி, காலையில வச்ச கையின்னு. நாந்தான், வாய மூடுய்யா, படிச்சவரு பொய் சொல்லுவாரான்னேன்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் அவர்மேல் வைக்க எனக்கு மனமில்லை. "நான் என்ன செய்ய வேணும், சொல்லுங்கோ" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லி என்னாங்க ஆவப்போவுது? அவரத் துப்புனது லைனு. எங்கள வெரட்டுனது லைனு. என் மவ கல்யாணத்துக்கு ஒருத்தர் வரல. முடிஞ்சா லைன்ல வந்து சொல்லுங்க."

அகராதியில் இல்லாத பொருள் அது. கிளப்பில் நான் அடுக்கிய பொருள்களிலும் இருக்கவில்லை. லைன் என்பது அவருக்கு அங்கே வசிக்கும் மனிதர்கள். அவர்கள் துப்புவார்கள், விரட்டுவார்கள், கல்யாணத்துக்கு வராமல் இருப்பார்கள். முப்பது வருஷம் லைனோடு வாழ்ந்தவன் நான். அந்தப் பொருளை நான் கேட்டதேயில்லை.

என் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தலைமைக் கிளார்க் கனகசபை இருக்கிறார். அவரிடம் சொன்னதும் வாயிலிருந்த சுருட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

"உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே? கூலி லைனிலை போய் நிண்டு நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லப் போறீரோ? எங்கடை ஆக்களின்ரை மரியாதை என்ன ஆகிறது? ஆள் செத்துப் போனான், கதையும் செத்துப் போச்சு."

"கதை சாகேல்லை. நான் அறிய இப்பவும் அந்தப் பிழை மண்டோரின்ரை பேரிலைதான் கிடக்குது."

"பென்ஷனிலை கை வைச்சாங்கள் எண்டால்?"

"வைக்கட்டும்."

"இதை மலரிலை போடமாட்டாங்கள்."

"அப்ப இதைக் கையாலை பிரதி எழுதி ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அனுப்புவன். தபால் எப்பிடிப் போகுமெண்டு எனக்குத் தெரியாதோ?"

அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. மலர்க்குழுவில் அவர் மருமகனும் உண்டு. அவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நம் மரியாதை என்று நீங்கள் காப்பாற்றப் பார்ப்பது, சின்னச்சாமியின் பெருவிரலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நான் சம்பாதித்தது. எனக்கு அது வேண்டாம். இதை அச்சிடாமல் விட்டால், இனி அதை வைத்திருப்பது நான் அல்ல, நீங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை லைனுக்குப் போனேன். தண்ணீர்க் குழாயடியில் கூட்டமிருந்தது. நான் சொல்லி அனுப்பியிருந்தபடி பாக்கியம் மகளோடு எனக்கு முன்பே வந்து, குழாய்க்குச் சற்றுத் தள்ளி நின்றார். அந்த எட்டுப் பேரில் இல்லாத பழைய பாதைக் கூலி ஒருவர், பல் போனவர், என்னை அடையாளம் கண்டு முக்காலி கொண்டுவந்தார். உட்காரவில்லை. பேசத் தொடங்கினேன். அந்த விபத்து நடந்த நாளில் என்று ஆரம்பித்ததும், பின்னாலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது.

"பேரச் சொல்லுங்க."

வேலு என்றேன். சின்னச்சாமி மண்டோர் என்றேன். விரல் காலையில் வைத்தது என்றேன். நேரத்தை எழுதியது நான், விசாரணையில் இரண்டு முறை பொய் சொன்னது நான் என்றேன். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வந்து அடைத்தார்கள். "இத்தன வருசம் வாயில என்னாய்யா வச்சிருந்த?" என்று ஓர் இளைஞன் கேட்டான். முக்காலி கொண்டுவந்தவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

பாக்கியம் என்னைப் பார்க்கவேயில்லை. மகளின் கையை விட்டுவிட்டு முதல் கதவுக்குப் போனார். வெளியே வராதவர்கள் உள்ளே இருந்தார்கள். பாதிப் பேர் புதியவர்கள், சின்னச்சாமி யாரென்றே தெரியாதவர்கள். "எந்தம்பியக் கொன்னது எம் புருசன் இல்லியாம். கேட்டீங்களா? அவரு இல்லியாம்" என்றார். அடுத்த கதவுக்குப் போனார். ஏழாவது கதவில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திறந்தாள். அங்கே கொஞ்சம் கூடுதலாக நின்றார். அதையே சொன்னார். நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கடைசிக் கதவு பூட்டியிருந்தது. பூட்டு கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. அதையும் தட்டினார்.